சிவப்பு அடித்த கற்கள்

போன மாதம் நான் காவல் நின்ற நெய்வேலி மைன்ஸ் கேட்டைப் பார்க்க ஒரு பெரிய அதிகாரி வரப்போகிறார் என்றார்கள். அதிகாரி வருகிறார் என்றால் இங்கே என்ன நடக்கும் என்று டவுன்ஷிப்பில் இருப்பவர்களுக்குத் தெரியும். புல் வெட்டுவார்கள், நாயை விரட்டுவார்கள், கால் ஒடிந்த நாற்காலியை அறைக்குள் ஒளித்துவைப்பார்கள். எங்கள் கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் அதோடு நிற்கவில்லை. ஒரு டின் சிவப்பு பெயிண்டும் ஒரு டின் வெள்ளையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான்.

“அண்ணே, நீங்க மிலிட்டரி. இது உங்களுக்குப் பழகின வேலைதான். ரோட்டோரம் கல்லு அடுக்கி, ஒண்ணு செவப்பு, ஒண்ணு வெள்ளைன்னு அடிச்சிருங்க. பாக்க ஜம்முனு இருக்கும்.”

“வெள்ளை மட்டும் அடிக்கிறேன்” என்றேன்.

என்னோடு அதே ஷிப்டில் நிற்கும் ரஃபீக் சிரித்தான். வடலூர்க்காரன். துணிக்கடை வைத்து நொடித்துப்போய் காவல் வேலைக்கு வந்தவன். “இன்னா மிலிட்டரி, செவப்பு டின்ன மாமியாளைப் பாக்கற மாதிரி பாத்துகினு கீற? அது இன்னா பண்ணுச்சி ஒன்ன?”

சொன்னேன். பாதி கேட்பதற்குள் சூப்பர்வைசருக்கு போன் வந்துவிட்டது. முழுதாகக் கேட்ட ரஃபீக் நம்பவில்லை. “நீ சொல்றது கதையாட்டம் கீதுபா. எழுதி வை, படிச்சிப் பாத்துட்டு நம்பறதா வேணாமான்னு சொல்றேன்” என்றான். இந்த மாதத்தோடு அந்தக் காவல் வேலையையும் விட்டுவிட்டேன். கை சும்மா இருக்கிறது. எழுதுகிறேன்.

நான் சேத்தியாத்தோப்புப் பக்கம் பிறந்தவன். ஒன்பதாவது பாதியில் நெல் லாரி ஒன்றில் ஏறிப் போனவன் இரண்டு வருடம் வீட்டுக்குத் திரும்பவில்லை. லாரி கிளீனர், புனே பக்கம் செங்கல் சூளை, விசாகப்பட்டினம் துறைமுகத்தில் மூட்டை, மறுபடி லாரி. ஒரு ஊரில் கை ஊன்றி உட்கார்ந்தால் எனக்குக் கால் அரிக்கும். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலோடு ஊருக்கு வந்து, மைன்ஸில் கான்ட்ராக்டில் சேர்ந்து, கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் நிலக்கரியை அள்ளிக்கொண்டிருந்தேன். அதுவும் அலுத்து மறுபடி கிளம்பிய வழியில் ஒரு ஊரில் நீண்ட வரிசை நின்றது. எதற்கு என்று தெரியாமல்தான் நின்றேன். ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று மைதானத்துக்குள் போன பிறகுதான் தெரிந்தது. ஓடச் சொன்னார்கள், ஓடினேன். எடுத்துக்கொண்டார்கள். பயிற்சியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அடித்தார்கள், சோறு போட்டார்கள், கண்ணிவெடி தேடக் கற்றுக்கொடுத்தார்கள்.

என் வேலை மைன் எடுப்பது என்று வீட்டுக்கு எழுதினேன். அம்மாவுக்குப் படித்துச் சொன்னவர் என்ன சொன்னாரோ, “எம்புள்ள மைன்ஸுல பர்மனன்ட்டு ஆயிட்டான்” என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். லீவில் வந்தபோது எனக்குப் பெண் கொடுக்க ஆட்கள் தயாராக இருந்தார்கள். எந்த மைன் என்று தெரிந்ததும் போய்விட்டார்கள்.

பிறகு எங்கள் கம்பெனியை ஐ.நா. அமைதிப்படைக்கு அனுப்பினார்கள். ஆப்பிரிக்காவில் ஒரு நாடு. எந்த நாடு என்று எழுதப்போவதில்லை. அங்கே சண்டை ஓய்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டுதான் அன்றும் சண்டை நடந்தது, இன்றும் அப்படித்தான் இருக்கும். நம் நாடு இப்படிப் பல நாடுகளுக்கு ஆள் அனுப்பியிருக்கிறது. சிப்பாய், டாக்டர், ரோடு போடுகிறவன், மாட்டு வைத்தியர் வரைக்கும். போய் வந்தவர்கள் நீலத் தொப்பியோடு எடுத்த போட்டோவை மாட்டி வைத்திருப்பார்கள். நான் மாட்டவில்லை. ஏன் போனாய் என்று கேட்டால், அனுப்பினார்கள், சம்பளம் கூடுதலாக வந்தது என்பதுதான் நேர்மையான பதில்.

எங்கள் முகாம் ஒரு மேட்டில் இருந்தது. முகாமில் நாங்கள் தோண்டிய ஆழ்கிணறு ஒன்று, ஆஸ்பத்திரிக் கூடாரம் ஒன்று. கீழே மாமரங்களுக்கு நடுவே ஊர். ஊருக்கு அந்தப் பக்கம் ஆறு. அங்கே மாறி மாறி வந்த படைகள் எல்லாம் தாங்கள் நிம்மதியாகத் தூங்குவதற்காக முகாமைச் சுற்றிக் கண்ணிவெடி புதைத்துவிட்டு, போகும்போது எடுக்காமல் போயிருந்தார்கள். ஊரிலிருந்து எங்கள் கிணற்றுக்கு வரும் பாதையைச் சுத்தம் செய்வதுதான் எங்கள் முதல் வேலை.

அந்த மண்ணில் இரும்பு அதிகம். நம் பக்கத்துச் செம்மண் மாதிரியே இருக்கும். டிடெக்டர் கருவி எதற்கெடுத்தாலும் கூவும், அதை நம்பிப் பயனில்லை. அதனால் குப்புறப் படுத்து, மெல்லிய கம்பியைச் சாய்வாக மண்ணில் செருகிப் பார்ப்போம். நேராகக் குத்தினால் வெடியின் தலையில் குத்துவோம், சாய்த்துக் குத்தினால் விலாவில் தட்டும். தட்டினால் நிறுத்தி, விரலால் மண்ணை ஒதுக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு விரல் தள்ளி அடுத்த குத்து. ஒரு முழம் முடிந்தால் உடம்பை ஒரு முழம் நகர்த்த வேண்டும். ஒரு கோடைகாலம் முழுக்க அப்படி ஊர்ந்துதான் அந்தப் பாதையை முடித்தோம்.

எங்களுக்கு மேலே இருந்தவர் சுபேதார் பொன்னையா. தென்காசிப் பக்கம். அவ்வளவு சந்தேகம் பிடித்த மனிதரை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. டீயை முதலில் முகர்வார், பிறகு கொடுத்தவன் முகத்தைப் பார்ப்பார், பிறகுதான் குடிப்பார். நாங்கள் சுத்தம் செய்த இடத்திலும் ஒரு குச்சியால் தட்டிக்கொண்டேதான் நடப்பார். சத்தம் போட்டுப் பேசமாட்டார். திட்டுவதாக இருந்தால் காதருகே வந்து, தாலாட்டு மாதிரி திட்டுவார். சேத்தியாத்தோப்பு யாருக்கும் தெரியவில்லை என்று நான் நெய்வேலி என்று சொல்லிவைத்திருந்ததால் என் பெயரே அவருக்கு நெய்வேலிதான்.

“ஏல நெய்வேலி, இந்த வேலையில நம்புனவன் எல்லாம் போட்டோவா தொங்குதான். சந்தேகப்படு. ஆனா மூஞ்சில காட்டாத. காட்டுனா அடுத்தவனும் சந்தேகப்படுவான்.”

பாதை முடிந்ததும் ஊரார் வந்துவிடவில்லை. நாங்களே பாதையில் போவதும் வருவதுமாக இருந்தோம். அவர்கள் மாமரத்தடியில் நின்று பார்த்தார்கள். முதலில் வந்தவள் லூசியா. அறுபது வயது இருக்கலாம். அந்த ஊரில் வயதான பெண்களை ‘மாமா’ என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். எங்கள் பையன்கள் அவளை மாமா லூசியா என்று கூப்பிட்டுவிட்டு, தமிழில், “மாமா, அத்தை சௌக்கியமா?” என்று சேர்த்துக்கொண்டு சிரிப்பார்கள். அவளுக்குப் புரியாது. ஆனால் கிண்டல் என்று தெரியும். அவளும் அவள் மொழியில் ஏதோ சொல்லிச் சிரிப்பாள். அது என்ன என்று எங்களுக்குத் தெரியாது.

முதல் நாளே அவள் ஒரு கேள்வி கேட்டாள். மொழிபெயர்க்க எங்களிடம் ஜோசே என்று அந்த ஊர்க்காரன் ஒருவன் இருந்தான். ஒல்லியான ஆள், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவன். பள்ளிக்கூடம் எரிந்த பிறகு எங்களிடம் வேலைக்கு வந்தான். அவன் உடைந்த இங்கிலீஷில் சொன்னான்: “இங்கிருந்து என்ன எடுத்துக்கொண்டு போக வந்தீர்கள் என்று கேட்கிறாள்.”

“ஒன்றுமில்லை என்று சொல்” என்றார் சுபேதார்.

“அதை அவளே சொல்லிவிட்டாள். எல்லோரும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார்களாம். நிஜத்தைச் சொல்லுங்கள் என்கிறாள்.”

சுபேதார் குனிந்து அவள் கூடையைப் பார்த்தார். அவள் விற்கக் கொண்டுவந்த மாம்பழத்தில் ஒன்றை எடுத்து, “மொதல்ல நீ கடி” என்று சைகை காட்டினார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கடித்தாள், மென்றாள், கொட்டையைக் காலடியில் துப்பினாள். அதன் பிறகு தினமும் அது வழக்கமாகிவிட்டது. அவள் ஒன்று கடிப்பாள், நாங்கள் மற்றதை வாங்குவோம்.

அவளிடம் ஒரு ஆடு இருந்தது. வயிறு ஊதிச் சாகக் கிடந்ததை எங்கள் மாட்டு டாக்டர் பிழைக்கவைத்தார். அதற்குப் பிறகுதான் மருமகளையும் கூட்டிவந்தாள். அனா என்று பெயர், நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். முதல் பிள்ளை பிறந்தபோதே செத்துவிட்டதாம். எங்கள் லேடி டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு, குழந்தை குறுக்கே கிடக்கிறது, வாராவாரம் வரச் சொல், பிரசவம் இங்கேதான் நடக்க வேண்டும், ஊரில் நடந்தால் இருவரும் மிஞ்சமாட்டார்கள் என்று சொன்னார். அனா வாராவாரம் வந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். காலையில் மஞ்சள் கேன்களைத் தூக்கிக்கொண்டு பெண்கள் வரிசையாக மேடேறி வருவார்கள்.

அப்போதுதான் ஜெனரல் வரப்போகிறார் என்று செய்தி வந்தது.

பட்டாளத்தில் சும்மா நிற்கக் கூடாது, நின்றால் நம் மேலும் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். பெரிய ஆள் வருகிறார் என்றால் பாதையோரம் கல் அடுக்கி ஒன்று விட்டு ஒன்று காவியும் சுண்ணாம்பும் பூசுவது எங்கள் வழக்கம். இங்கே கோயில் மதிலில் பட்டை அடிப்பார்களே, அது போல. மேஜர் உத்தரவு போட்டார். கிணற்றடியிலிருந்து மாமரம் வரை பாதையின் இரண்டு பக்கமும் கல் வைத்தோம். காவி கிடைக்கவில்லை, ஸ்டோரில் இருந்த நல்ல சிவப்பு பெயிண்டையே எடுத்தோம். பளிச்சென்று இருந்தது. மேஜர் போட்டோ எடுத்துக்கொண்டார்.

இதைப் படிக்கிறவர்களுக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். எங்களுக்குப் புரியவில்லை. அதுதான் ஆச்சரியம். வெடி இருக்கும் இடத்தில் நாங்களே சிவப்பு முக்கோணத் தகடு தொங்கவிடுகிறவர்கள். தகடு இல்லாத இடங்களில், எங்களுக்கு முன் வந்தவர்கள் கல்லில் சிவப்பு அடித்துவைத்து, சிவப்பைக் கண்டால் நில் என்று அந்த ஊருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வேலையில் சிவப்பு என்றால் வெடி. முகாமில் சிவப்பு என்றால் விருந்தாளி. இரண்டும் ஒரே தலைக்குள்தான் இருந்தன. ஒன்றையொன்று பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஒருவரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. லூசியாவும் வரவில்லை. கிணற்றடி காய்ந்து கிடந்தது.

சுபேதார் குச்சியால் தரையைத் தட்டிக்கொண்டே யோசித்தார். “ஊருக்குள்ள எவனோ வந்திருக்கான்ல. காட்டுக்குள்ள இருக்கவனுங்க ஆள விட்டு மெரட்டியிருக்கானுங்க. ஜெனரல் வாரது தெரிஞ்சுபோச்சு.”

அடுத்து அவர் சந்தேகம் ஜோசே மேல் திரும்பியது. தினமும் பாதை வழியே நடந்து வருகிறவன், இப்போது ரோட்டில் காத்திருந்து எங்கள் ரேஷன் லாரியில் சுற்றி வந்தான். “நடக்கிறவன் ஏன்ல வண்டியில வாரான்? பாதையில என்னமோ இருக்குன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு.” பாதையை எங்களைக் கொண்டு மறுபடி ஒரு தடவை குத்திப் பார்க்கவைத்தார். ஒன்றுமில்லை. ஜோசேயைக் கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்தார், தான் குடிக்கவில்லை.

“ஊர்க்காரங்க ஏன் வரல?”

“தெரியாது சார்.”

“நீ ஏன் வண்டியில வார?”

“கால் வலி சார்.”

“எந்தக் கால்?”

ஜோசே டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரு காலைக் காட்டினான். வெளியே போகும்போது அடுத்த காலை நொண்டினான். அதை நானும் பார்த்தேன். அவன் எங்களைக் காட்டிக்கொடுக்கிறவன் என்பதில் அன்று எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

லேடி டாக்டர் மட்டும் வேறு கவலையில் இருந்தார். “அந்தப் பொண்ணு ஏன் வரல? நாள் நெருங்குது” என்று எங்களிடம் வந்து வந்து கேட்டார். யாரையாவது ஊருக்கு அனுப்பலாம் என்றார். மேஜர், நிலைமை சரியில்லை, யாரும் போகவேண்டாம் என்றார். ஊரார் எங்களிடம் வராமல் தண்ணீருக்கு என்ன செய்கிறார்கள் என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. ஆறு இருக்கிறதே என்று நினைத்திருப்போம். ஆற்றுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை நாங்கள் இன்னும் கை வைக்காத நிலம்.

ஒரு காலை ஆற்றுப் பக்கம் வெடித்தது. மாமரத்துக்கு மேலே புழுதி எழுந்தது.

உடனே ஓடவில்லை. ஓடக் கூடாது என்பதுதான் முறை. முதல் வெடி ஆளைக் கூட்டுவதற்கு, இரண்டாவது கூடிய ஆளைக் கொல்வதற்கு என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வண்டியை நிறுத்தி நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்துப் போனோம். ஊரார் பாதை தொடங்கும் மேட்டுக் கரையில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்வையில் நாங்கள் வேடிக்கை பார்க்க வருகிறவர்கள்.

ஒரு ஆளுக்குக் கணுக்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. அவனை ஊர்க்காரர்களே அவன் கால்தடத்தில் கால் வைத்துப் போய் இழுத்து வந்திருந்தார்கள். அவனை வண்டியில் ஏற்றி அனுப்பினோம். பிழைத்துக்கொண்டான். ஆனால் அவனைத் தாண்டி, அவனுக்கு முன்னால் போயிருந்த ஒருத்தி முள்செடிக்குப் பக்கத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். காலடியில் மஞ்சள் கேன் சாய்ந்து கிடந்தது. ஒரு கை வயிற்றில். அனா.

கரையில் லூசியா நின்றாள். எங்கள் பக்கம் திரும்பாமல் அனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுபேதார் என்னைத் தொட்டார். “நெய்வேலி, படு.”

படுத்தேன். கம்பியைச் சாய்த்து ஒரு குத்து, ஒரு விரல் தள்ளி அடுத்த குத்து. முகக்கவசத்துக்குள் வேர்வை வழிந்து கண்ணில் இறங்கும், துடைக்க முடியாது. எனக்குப் பின்னால் பாதையின் இரண்டு ஓரத்திலும் வெள்ளை நாடா போட்டுக்கொண்டே வந்தார்கள். சுபேதார் என் பாதத்துக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “மெதுவால, மெதுவா. அவ நிப்பா. அவ நம்மளவிட வெவரமானவ” என்று சொல்லிக்கொண்டிருந்தார். வழியில் ஒன்று தட்டியது. அதை அங்கேயே அடையாளம் வைத்து, பாதையை வளைத்துப் போனேன். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அவள் நிழல் சுருங்கிக் காலடிக்கு வந்திருந்தது.

அவள் பக்கத்தில் போய், மண்டியிட்டு எழுந்து, கையை நீட்டினேன். அவள் கையைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் கிடந்த நாடாவைப் பார்த்தாள். ஏதோ சொன்னாள்.

கரையிலிருந்து ஜோசே கத்தினான். “வரமாட்டாளாம் சார்!”

“ஏன்னு கேளு” என்று சுபேதாரும் கத்தினார். அவர் உரக்கப் பேசி அன்றுதான் கேட்டேன்.

“கிணற்றுப் பாதையில் வெடி புதைத்தவர்கள் காட்டுகிற வழியில் வரமாட்டாளாம்!”

“எவம்ல பொதைச்சான்?”

ஜோசே ஊராரைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, “சிவப்புக் கல் வைத்தீர்களே சார்” என்றான்.

சுபேதார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். முள்செடியில் ஒரு குருவி கத்திக்கொண்டிருந்தது.

“உனக்கும் அப்பிடித்தானா?” என்று ஜோசேயைக் கேட்டார்.

“எல்லாப் படையும் அதைத்தானே சார் செய்தது? பெரிய ஆள் வருகிறார் என்றீர்கள். முகாமைச் சுற்றி வைத்துவிட்டீர்கள் என்று நினைத்தோம். அடையாளமாவது வைத்தார்களே, நல்லவர்கள் என்றுகூட ஊரில் பேசிக்கொண்டார்கள். எந்த இடத்தில் புதைத்தீர்கள் என்று படைக்காரனிடம் கேட்கக் கூடாது. கேட்டால் உளவாளி என்பீர்கள்.”

“அது அழகுக்கு வச்சதுன்னு சொல்லுல அவங்ககிட்ட.”

ஜோசே சொல்லவில்லை. “சார், அதைச் சொல்ல முடியாது. நாலு பேர் கால் போன ஊரில் அழகுக்குச் சிவப்பு அடித்தோம் என்றால் என்னையும் உங்களோடு சேர்த்துக் கல்லால் அடிப்பார்கள். வேறு ஏதாவது சொல்லுங்கள்.”

“வேற என்னத்தச் சொல்ல? அதான நெசம்.”

சுபேதார் தரையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். காலுறையையும் கழற்றினார். “சார், ரூல்ஸ்...” என்றேன். “வெடி இருந்தா பூட்ஸு ஒண்ணும் புடுங்காதுல. இல்லன்னா பூட்ஸு எதுக்கு?” என்றார். நாடாவுக்கு நடுவில், கரை வரைக்கும் வெறுங்காலோடு நடந்து போனார். சும்மா நடக்கவில்லை. களத்தில் கதிர் மிதிப்பது மாதிரி ஒவ்வொரு அடியையும் ஓங்கி மிதித்துக்கொண்டு போனார். அதே மாதிரி திரும்பி வந்தார். சுத்தம் செய்தவன் நான். ஒரு குத்தாவது தவறியிருக்குமா என்று அவருடைய ஒவ்வொரு அடிக்கும் நினைத்தேன். அவரும் நினைத்திருப்பார். நம்புகிற மனிதர் இல்லையே.

லூசியா கரையிலிருந்து ஏதோ சொன்னாள். ஜோசே என்னைக் காட்டி, “அந்த ஒல்லி ஆளும் நடக்கட்டும் என்கிறாள்” என்றான். நானும் பூட்ஸைக் கழற்றி மிதித்துக் காட்டினேன். மண் அடுப்பு மாதிரி சுட்டது.

அப்போதும் அனா அசையவில்லை. அவள் மாமியாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். லூசியா செருப்பைக் கரையில் விட்டுவிட்டு இறங்கினாள். ஊர்ஜனத்தை நாடாவுக்குள் விடக் கூடாது என்பது எழுதப்பட்ட விதி. சுபேதார் ஒதுங்கி வழி விட்டார். அவள் எங்கள் கண்ணை நம்பவில்லை, நாடாவையும் நம்பவில்லை. சுபேதாரின் பாதம் பதிந்த இடத்தில் மட்டும் தன் பாதத்தை வைத்து வைத்து வந்தாள். மருமகளின் இடுப்பைப் பிடித்தாள். இரண்டு பேரும் அதே தடங்களில் திரும்பிப் போனார்கள். அனா நின்ற இடத்துக்கு ஒரு சாண் தள்ளி ஒன்று இருந்ததை மறுநாள் எடுத்தோம்.

முகாமுக்கு வந்ததும் சுபேதார் எல்லோரையும் பாதைக்குக் கூட்டினார். “கல்லப் பொரட்டிப் போடுங்கல.” பெயிண்ட் அடித்த பக்கம் மண்ணில் புதையும்படி அத்தனையையும் புரட்டினோம். மேஜர் ஓடிவந்து யார் சொல்லிச் செய்தீர்கள் என்றார். “நாந்தான் சார்” என்றார் சுபேதார். அடுத்த வருடம் வரவேண்டிய பதவி உயர்வு அவருக்கு வரவில்லை. இதனால்தான் என்று யாரும் சொல்லவில்லை. ஜெனரல் வந்தார், பாதையில் நடந்தார், சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டினார், போனார்.

அதற்குப் பிறகும் ஊரார் வரவில்லை. கல்லைப் புரட்டினால் அடையாளத்தைத்தானே மறைத்தீர்கள், வெடி அடியில்தானே இருக்கும் என்று ஊரில் பேச்சு என ஜோசே சொன்னான். நியாயமான பேச்சுதான். நான் அந்த ஊரில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் பேசியிருப்பேன். லேடி டாக்டர் கைவிரலை மடக்கி நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு காலை, மாமரத்தடியிலிருந்து ஒரு ஆடு மட்டும் பாதையில் ஏறி வந்தது. கழுத்தில் நீளக் கயிறு. கயிற்றின் மறுமுனை வெகுதூரம் பின்னால், லூசியா கையில். அவளுக்குப் பின்னால் இன்னும் தள்ளி அனா, ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு வலியில் குனிந்து நின்றாள். ஆடு நின்றால் இருவரும் நின்றார்கள். ஆடு புரட்டிய கல்லை முகர்ந்தது, ஓரத்துப் புல்லைக் கடித்தது, மறுபடி நடந்தது. எங்கள் டாக்டர் பிழைக்கவைத்த அதே ஆடு.

நாங்கள் ஓடிப்போய்த் தூக்கிவர நினைத்தோம். சுபேதார் கையைக் காட்டி நிறுத்தினார். “ஓடாதீங்கல. ஓடினா திரும்பிருவா.” நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். வலியோடு ஒருத்தி ஆட்டின் வேகத்தில் மேடேறி வருவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது மாதிரி ஒரு வேலையை எனக்கு அதற்கு முன்னும் யாரும் கொடுத்ததில்லை, பின்னும் கொடுத்ததில்லை.

பையன் பிறந்தான். தாயும் பிழைத்தாள். அன்று சாயங்காலம் லூசியா மாம்பழம் கொண்டுவந்து, நாங்கள் கேட்காமலே ஒன்றைக் கடித்துக் காட்டிவிட்டுக் கொடுத்தாள். நாங்கள் நாடு திரும்பும் வரை அவள் ஆட்டை முன்னால் விடாமல் அந்தப் பாதையில் ஒரு நாளும் நடக்கவில்லை.

“பேரன் கையில இருக்கு, இன்னும் நம்பமாட்டேங்கறாளே சார்” என்றேன்.

“அவ கடிச்சிக் காட்டுனாதான நாம பழத்த வாங்குதோம்?” என்றார் சுபேதார். “சரியாப் போச்சு.”

இதுதான் ரஃபீக்கிடம் சொன்னது. அவன் கேட்டுவிட்டு, “அது ஆப்பிரிக்கா மிலிட்டரி. நம்ம ஊர்ல இன்னா கண்ணிவெடியா கீது? நீ அடிக்கலன்னா நான் அடிக்கிறன்” என்று டின்னைத் தூக்கிக்கொண்டு போனான். எங்கள் கேட்டுக்கு வெளியே, மைன்ஸுக்கு நிலம் எடுத்துக்கொண்டிருக்கும் வளையமாதேவிப் பக்கம் போகும் மண்ரோட்டில் கல் அடுக்கி, சிவப்பும் வெள்ளையுமாக நன்றாகத்தான் அடித்தான். அதிகாரி வரவில்லை. வேறொரு நாள் என்றார்கள்.

மறுநாள் காலை ஷிப்டில், வழக்கமாகப் புல்லறுக்கப் போகும் ஒரு அம்மா கல்லைப் பார்த்து நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். ஒருத்தி இடுப்பிலிருந்து போனை எடுத்துக் கற்களைப் போட்டோ பிடித்தாள்.

“யாருண்ணா கல்லு நட்டது?” என்றாள் அந்த அம்மா. “எதுவரைக்கும் வருது? எங்க கொல்லையும் போவுதா?”

“அதெல்லாம் இல்லம்மா” என்றான் ரஃபீக். “சும்மா, அழகுக்கு.”

அவள் அவனைப் பார்த்தாள். “போன வாட்டியும் சும்மா அளந்து பாக்கறம்னுதாண்ணா சொன்னாங்க.”

ரஃபீக் என் பக்கம் திரும்பினான். நான் குனிந்து முதல் கல்லைப் புரட்டினேன். அவன் அடுத்ததைப் புரட்டினான். அந்த அம்மா அரிவாளோடு கிட்டே வந்து, கல் இருந்த பள்ளத்தை எட்டிப் பார்த்தாள். மண்தான் இருந்தது. அரிவாள் நுனியால் அதையும் ஒருமுறை கிளறிப் பார்த்துவிட்டு, சுற்று வழியாகவே போனாள்.